லண்டனில் ஓர் அறை: அன்றும் இன்றும்

1914 மார்ச் 17 அன்று சென்னையில் 'நெவாசா' கப்பலில் ஏறிய கணித மேதை ராமானுஜன், ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஈ. எச். நெவில் காரோடு வந்து காத்திருந்து அவரை அழைத்துப் போனார். போய் இறங்கிய இடம் தெற்குக் கென்சிங்டனில் குரோம்வெல் சாலை, 21-ஆம் எண் வீடு. புதிதாக வரும் இந்திய மாணவர்களை முதல் சில நாட்கள் தங்கவைப்பதற்காகவே நடத்தப்பட்ட வீடு அது. எந்தத் தெருவில் தங்குவது, எந்த ரயிலில் போவது என்றெல்லாம் அவர் விசாரிக்கத் தேவை இருக்கவில்லை. அந்தக் காலத்தில் லண்டனுக்குப் போகும் இந்தியருக்கு, அறை எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் யார் கொடுப்பார்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அப்படி ஒரு வீட்டை ஏற்படுத்தியிருந்தார்கள்.

அதே முகவரியில் இன்று பிரெஞ்சு துணைத் தூதரகம் இயங்குகிறது. சென்னையில் நேர் விமானம் ஏறினால் பத்து, பதினோரு மணி நேரத்தில் ஹீத்ரோ. அறை, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கைப்பேசியில் பதிவாகிவிடுகிறது. கொடுப்பவர் முகத்தை நாம் பார்ப்பதில்லை. நம் முகத்தை அவரும் பார்ப்பதில்லை. ஒரு நூற்றாண்டில் நடந்த மாற்றங்களில் பெரியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதிலிருந்து இன்னொரு மாற்றமும் கிளைத்தது. அன்று அறை கிடைத்த இடம்தான் ஒருவருடைய லண்டனைத் தீர்மானித்தது. அங்கிருந்து நடந்தோ பேருந்திலோ எட்டியவரை அவர் ஊரைப் பார்த்தார். இன்று ரயில் பாதையின் வரைபடத்தை முன்னால் விரித்துவைத்துக்கொண்டு அதில் எங்கே அறை மலிவு என்று தேடுகிறோம்.

யார் கொடுப்பார்கள் என்ற கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒரு வழக்கு சாட்சி. 1943-இல் மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன், லார்ட்ஸ் மைதானத்தில் ஆடுவதற்காக மனைவி, மகளோடு லண்டன் வந்தார். ரஸ்ஸல் சதுக்கத்து இம்பீரியல் ஓட்டலில் நான்கு இரவுக்கு முன்பதிவு செய்திருந்தார். அங்கே தங்கியிருந்த அமெரிக்க வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பிடிக்காது என்று சொல்லி, ஓர் இரவுக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். உலகம் அறிந்த ஆட்டக்காரருக்கே இந்தக் கதி. அவர் நீதிமன்றம் போனார், 1944-இல் வென்றார். நஷ்டஈடு ஐந்து கினி, அதாவது ஐந்தே கால் பவுண்டு. தொகை சொற்பம், ஆனால் தங்க வந்தவரைத் தக்க காரணமின்றி விரட்ட விடுதிக்கு உரிமை இல்லை என்பது பதிவாயிற்று. நிறத்தைக் காரணம் காட்டி ஓட்டலில் இடம் மறுப்பதை வெளிப்படையாகத் தடுக்கும் சட்டம் 1965-இல்தான் வந்தது. தனியார் வீடுகளில் விடப்பட்ட அறைகள் அதிலும் சேரவில்லை. வீட்டு வாடகைக்கும் அந்தத் தடை நீண்டது 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தில்.

அதனால்தான் சேலத்தில் பிறந்த கே. டி. பால் செய்த காரியம் பெரிதாகப் படுகிறது. இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளராக இருந்த அவர், 1920-இல் லண்டனில் இந்திய மாணவர்களுக்கென்று ஒரு விடுதியைத் தொடங்கினார். கோவர் தெருப் பக்கம் இருந்த அந்த இடம் 1940-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அழிந்தது. 1953-இல் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதுக் கட்டடம் எழுந்தது. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. சோறும் பருப்பும் குழம்புமாகச் சாப்பாடு கிடைக்கிறது. மாணவராக இருக்க வேண்டும் என்பதில்லை, இந்தியராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வாரன் ஸ்ட்ரீட் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. மத்திய லண்டனில் சுமாரான செலவில் தங்க நினைப்பவருக்கு நான் முதலில் சொல்வது இந்த விடுதியைத்தான்.

விடுதியில் இடம் கிடைக்காதவர்கள் போர்டிங் வீடுகளில் அறை தேடினார்கள். புளூம்ஸ்பரியிலும் ஏர்ல்ஸ் கோர்ட்டிலும் பேடிங்டனிலும் தெருத் தெருவாக அவை இருந்தன. ஒரே மாதிரியான நான்கு மாடி வீடுகள், முன்வாசல் படிக்கட்டு, ஜன்னலில் ஓர் அட்டை. அறையில் ஒரு கட்டில், ஒரு கழுவு தொட்டி, சுவரோரம் ஒரு கேஸ் அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர். அதில் ஒரு ஷில்லிங் காசைப் போட்டுத் திருகினால் கொஞ்ச நேரம் கேஸ் வரும், அறை சூடாகும். காசின் நேரம் முடிந்ததும் நீலச் சுடர் சுருங்கி அணைந்துவிடும். ஜனவரி இரவில் கையில் ஷில்லிங் இல்லாமல் போனவர் மேல்கோட்டோடு போர்வைக்குள் புக வேண்டியதுதான். குளியலறை மாடிப்படி திரும்பும் இடத்தில், எல்லோருக்கும் பொதுவாக. வெந்நீருக்குத் தனிக் காசு. காலைச் சாப்பாடு குறித்த நேரத்தில் கீழே மேசைக்கு வரும், அந்த நேரம் தவறினால் இல்லை. சமைத்தால் மசாலா வாசனை அடுத்த அறைக்குப் போகும் என்று வீட்டுக்காரம்மா முகம் சுளிப்பார். அதே அம்மாள்தான் முதல் நாள் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கும் பையனைப் பார்த்து, எந்த எண் பேருந்தில் ஏற வேண்டும், எங்கே மலிவாகக் கம்பளிச் சட்டை கிடைக்கும் என்று சொல்லித் தருவார். இரண்டும் ஒரே மனுஷிதான். அவருடைய குணத்தைப் பொறுத்துத்தான் ஒருவருக்கு லண்டன் நல்ல ஊராகவோ கெட்ட ஊராகவோ அமைந்தது.

இன்று அந்தத் தெருக்களில் பல வீடுகள் சிறு ஓட்டல்களாகி, அறைக்கு அறை குளியலறை வந்திருக்கிறது. அதே பழைய அறையில் ஒரு மூலையைத் தடுத்து நுழைத்தவை என்பதால் பெட்டியைத் திறந்துவைக்கத் தரையில் இடம் இருக்காது. சூடு தானாக வருகிறது. வீட்டுக்காரம்மா இருந்த இடத்தில் சாவிப் பெட்டி. அதைத் திறக்க நான்கு இலக்க எண் குறுஞ்செய்தியில் வந்துவிடும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுபதுகளில் இந்தியாவை விட்டுக் கிளம்பியவர்கள் கையில் மூன்று பவுண்டு மட்டும் கொண்டுபோக முடிந்தது என்பதை அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்நியச் செலாவணி அவ்வளவு இறுக்கம். மூன்று பவுண்டோடு இறங்குகிறவர் ஓட்டல் தேட முடியாது; உறவுக்காரரோ ஊர்க்காரரோ நிலையத்துக்கு வந்தாக வேண்டும். இன்று ரிசர்வ் வங்கி ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை அனுமதிக்கிறது. பணத்தின் கதவு இப்படித் திறக்க, விசாவின் கதவு எதிர்த்திசையில் மூடியது. காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் முன்பு இந்தியரும் இலங்கையரும் விசா இல்லாமலேயே போனார்கள். 1985-இல் இலங்கைக்கு விசா கட்டாயமாயிற்று. உயிருக்குப் பயந்து ஓடிவந்த தமிழர்கள் லண்டன் விமான நிலையத்தில் வந்து இறங்கியதே அதற்குக் காரணம். அடுத்த ஆண்டு இந்தியாவுக்கும் வந்தது. இப்போது விசா விண்ணப்பத்தில் தங்கும் முகவரியைக் கேட்கிறார்கள்.

ஊருக்குள் வந்து சேரும் வழியும் மாறிவிட்டது. கப்பலில் வந்தவர்களில் பலர் தேம்ஸ் நதியோரம் டில்பரித் துறையில் இறங்கி, கப்பல் பயணிகளுக்கென்று விடப்பட்ட ரயிலில் செயின்ட் பாங்க்ரஸ் வந்தார்கள். அந்த நிலையத்தின் முகப்பாக நிற்கும் செங்கல் மாளிகை 1873-இல் திறந்த பெரிய ஓட்டல். அறைகளில் குளியலறை இல்லாமல் காலத்தோடு போட்டியிட முடியாமல் 1935-இல் அது மூடப்பட்டு ரயில்வே அலுவலகம் ஆனது. ஐம்பதுகளில் டில்பரி ரயிலில் வந்து இறங்கியவர் தலைக்கு மேலே அத்தனை அறைகள், ஒன்றிலும் ஆள் தங்கவில்லை. 1960-களில் இடிக்கக்கூடப் பார்த்தார்கள். 1967-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடம் ஆனதால் தப்பியது. 2011-இல் மறுபடி ஓட்டலாகத் திறந்தது. கீழே 2007 முதல் பாரிஸ் ரயில்கள் வந்து நிற்கின்றன.

விமானம் வந்த பிறகும் பல ஆண்டுகள் ஹீத்ரோவிலிருந்து நேராக ஊருக்கு ரயில் கிடையாது. விமான நிறுவனத்துப் பேருந்து பயணியை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் இருந்த முனையத்தில் இறக்கிவிடும். ஐரோப்பிய விமானங்களுக்கு அது குரோம்வெல் சாலையில் இருந்தது, ராமானுஜன் தங்கிய அதே சாலை. நெடுந்தூர விமானங்களை விட்ட பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் பயணிகளுக்கு விக்டோரியா பக்கம். ஊர் திரும்பும்போதும் பெட்டியை அந்த நகர முனையத்திலேயே ஒப்படைத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு போகலாம். அந்த வசதி போனது உண்மையிலேயே ஒரு நஷ்டம். 1977 டிசம்பரில் பிக்கடில்லி பாதை ஹீத்ரோவரை நீண்டது. விமானத்திலிருந்து இறங்கி சுரங்க ரயில் ஏறலாம் என்றானது. 2022 மே மாதம் எலிசபெத் பாதை திறந்தது. பிக்கடில்லியில் நகர மையத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். எலிசபெத்தில் டாட்டனம் கோர்ட் ரோடு வரை அரை மணி. முன்னதில் எழுபதுகளில் ஓடத் தொடங்கிய தாழ்ந்த கூரைப் பெட்டிகள், முழங்காலோடு பெட்டியை இடுக்கிக்கொள்ள வேண்டும். பின்னதில் 200 மீட்டர் நீள ரயில், குளிர்வசதி, நடைமேடைக்கு மின்தூக்கி. கட்டணம் இரு மடங்குக்கும் மேல். இரண்டு பெரிய பெட்டியோடு இரவு விமானத்தில் தூங்காமல் வந்து இறங்குகிறவர் அந்தக் கூடுதல் பணத்தைப் பார்க்க வேண்டாம்.

கட்டணம் என்றதும் தேம்ஸ் கரையில் நாடாளுமன்றத்துக்கு எதிரே நிற்கும் கவுன்டி ஹால் நினைவுக்கு வருகிறது. லண்டன் பெருநகர மன்றம் அங்கேதான் கூடியது. 1981-இல் கென் லிவிங்ஸ்டன் தலைமையில் மன்றம் பேருந்து, சுரங்க ரயில் கட்டணங்களை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தது. செலவை வீட்டு வரியோடு சேர்த்து வசூலிப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று அந்த ஆண்டு இறுதியிலேயே பிரபுக்கள் சபை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்; 1982-இல் கட்டணம் இரு மடங்காயிற்று. மன்றம் விடவில்லை. 1983-இல் மறுபடி குறைத்தது, கூடவே டிராவல்கார்டு என்ற சீட்டைக் கொண்டுவந்தது. ஊரை வட்டம் வட்டமாகப் பிரித்து, ஒரு வட்டத்துக்குள் பேருந்தோ ரயிலோ எத்தனை முறை ஏறினாலும் ஒரே சீட்டு. அதற்கு முன் பெரும்பாலும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தனிக் காசு. வழி தவறினால் மறுபடி காசு. வெளியூர்க்காரர் லண்டனில் தைரியமாக வழி தவறத் தொடங்கியது அந்தச் சீட்டுக்குப் பிறகுதான்.

மன்றம் 1986-இல் கலைக்கப்பட்டது. சீட்டின் எண்ணம் மட்டும் நிலைத்து, 2003-இல் ஓய்ஸ்டர் அட்டையாகி, 2014-இல் சாதாரண வங்கி அட்டையாலேயே சுரங்க ரயிலில் போகலாம் என்றானது. வாசலில் இருக்கும் மஞ்சள் வட்டத்தில் அட்டையைத் தொட்டு உள்ளே போக வேண்டும், வெளியே வரும்போதும் தொட வேண்டும். மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். ஒரு நாளில் எவ்வளவு சுற்றினாலும் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் போகாது. மையத்து முதல் இரண்டு கட்டண வட்டங்களுக்கு 2025-இல் அந்த வரம்பு 8.90 பவுண்டு. ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும், கணவன் மனைவி ஒரே அட்டையைத் தொட முடியாது. சில நிலையங்களில் இளஞ்சிவப்பு வட்டமும் இருக்கும். மையத்துக்குள் நுழையாமல் சுற்றுவழியில் போகிறவர் இடையில் அதையும் தொட்டால் கட்டணம் குறையும். இதைச் சொல்லித்தர ஆள் இல்லை, அறிவிப்புப் பலகையைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கவுன்டி ஹால்? இன்று அதில் இரண்டு ஓட்டல்கள் இருக்கின்றன, ஒன்று சொகுசு, மற்றது சிக்கனம். மன்றம் கூடிய மண்டபத்தில் அகதா கிறிஸ்டியின் நாடகம் நடக்கிறது. இந்த ஒரு கட்டடத்தோடு இது நிற்கவில்லை. வைட்ஹாலில் பழைய போர் அமைச்சகம் 2023-இல் இந்துஜா குடும்பத்தின் முதலீட்டில் உயர்தர ஓட்டலாயிற்று. ஃபிட்ஸ்ராய் சதுக்கத்துக்கு அருகே 1965-இல் தபால் துறை திறந்த உயர்ந்த கோபுரத்தை 2024-இல் ஓர் அமெரிக்க ஓட்டல் நிறுவனம் வாங்க ஒப்பந்தம் செய்தது. அரசின் மேசைகள் இருந்த இடங்களில் கட்டில்கள் வருகின்றன. ஆனால் அவை சாதாரணப் பயணிக்கான கட்டில்கள் இல்லை. மத்திய லண்டனில் சங்கிலி ஓட்டலில்கூட ஓர் இரவுக்கு நூறு பவுண்டைத் தாண்டுவது சகஜம். வீடுகளை நாள் வாடகைக்கு எடுப்பது ஒரு வழியாக வந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு வீடு இல்லாமல் போகிறது என்று, அனுமதி இல்லாமல் ஆண்டுக்கு 90 இரவுக்கு மேல் விடக் கூடாது என்று 2015-இல் வரம்பு கட்டினார்கள். அந்த வரம்பு நியாயம் என்றே நினைக்கிறேன்.

மையத்தில் அறை இவ்வளவு விலை என்பதால் நம்மவர்கள் கிழக்கே ஈஸ்ட் ஹாமுக்கும் தெற்கே டூட்டிங்குக்கும் போய்த் தங்குகிறார்கள். ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் காலையில் இட்லி கிடைக்கும், முருங்கைக்காய் கிடைக்கும், தமிழில் விலை கேட்கலாம், கோயிலுக்குப் போகலாம். அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் பாதையில் நாடாளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கு அரை மணிக்குச் சற்று மேல். வழியில் பிராம்லி-பை-போ என்றொரு நிலையம் வரும். 1931 வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தி, ஓட்டலை வேண்டாம் என்று சொல்லி அந்தப் பகுதியின் கிங்ஸ்லி ஹால் என்ற சமூக நிலையத்தில்தான் தொழிலாளர் நடுவே பன்னிரண்டு வாரம் போலத் தங்கியிருந்தார். மாநாடு நடந்த அரண்மனைக்கு அங்கிருந்து வெகுதூரம் என்று உடனிருந்தவர்கள் குறைப்பட்டார்கள். அதைவிடத் தொலைவிலிருந்து இன்று ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் வேலைக்குப் போகிறார்கள்.

இரண்டு, மூன்று நாள் மட்டும் இருப்பவர் ஈஸ்ட் ஹாமில் தங்க வேண்டாம். போக வர நேரம் போய்விடும். ஒரு வாரம், பத்து நாள் என்றால் தாராளமாகத் தங்கலாம். நாடகம் பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்பும் பழக்கம் உள்ளவருக்கு டூட்டிங் மேல்: 2016 முதல் சில பாதைகளில் வெள்ளி, சனி இரவு முழுக்க ரயில் ஓடுகிறது, டூட்டிங் வழியே போகும் நார்தர்ன் பாதை அதில் உண்டு, டிஸ்ட்ரிக்ட் இல்லை.

வழி கண்டுபிடிக்க முன்பு ஒரு புத்தகம் இருந்தது. ஃபிலிஸ் பியர்சால் 1936-இல் கொண்டுவந்த 'ஏ டு இசட்' தெருப் புத்தகம். பின்பக்கத்தில் தெருப் பெயர்கள், எண்ணைப் பிடித்துப் பக்கத்தைத் திருப்பினால் கட்டத்துக்குள் தெரு. அதைத் தெருமுனையில் நின்று பிரித்தால் யாராவது வந்து உதவுவார்கள். கறுப்பு டாக்ஸி ஓட்டுநர்கள் இன்றும் சாரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் உள்ள 25,000 தெருக்களை மனப்பாடம் செய்துதான் உரிமம் வாங்குகிறார்கள். தலைக்குள் ஊரை வைத்திருக்கும் அந்த மனிதர்களுக்குப் போட்டியாக, 2012-இல் கைப்பேசி டாக்ஸி வந்தது. வாடகையில் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் ஒருமுறையாவது கறுப்பு டாக்ஸியில் போகச் சொல்வேன். எதையும் பார்க்காமல் சந்து சந்தாகத் திரும்பும் அந்தத் திறமை பார்க்க வேண்டியது.

சிவப்புப் பேருந்துதான் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது. 1956-இல் முதலில் தெருவுக்கு வந்த ரூட்மாஸ்டர் பேருந்துக்குப் பின்பக்கம் கதவே கிடையாது. திறந்த மேடை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பம். சிக்னலில் நின்றால் இறங்கிக்கொள்ளலாம், நகரும்போது ஓடித் தொற்றிக்கொள்ளலாம். சென்னைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்டக்டர் மார்பில் கிப்சன் எந்திரம் தொங்கும். கட்டணத்தை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் வெள்ளைக் காகிதச் சுருளில் சீட்டு அச்சாகி வரும். மேல்தளத்துக்கும் ஏறி வருவார். போகும் இடத்தைச் சொல்லிவைத்தால் நிறுத்தம் வந்ததும் குரல் கொடுப்பார். கண்டக்டர்களில் பலர் கரீபியத் தீவுகளிலிருந்தும் நம் துணைக்கண்டத்திலிருந்தும் போனவர்கள்; அறை தேடி அலைந்த அதே தலைமுறை. ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு வழி சொன்னவர் தானும் ஒரு காலத்தில் புதிதாக வந்தவர்.

2005 டிசம்பர் 9 அன்று 159-ஆம் தடத்தோடு ரூட்மாஸ்டர்களின் அன்றாட ஓட்டம் முடிந்தது. 2012-இல் அதே சாயலில் புதுப் பேருந்து செய்து, பின்மேடையில் ஓர் ஆளையும் நிறுத்திப் பார்த்தார்கள். செலவு கட்டுப்படியாகாமல் 2016-இல் அந்த ஆளையும் எடுத்துவிட்டார்கள். 2014 முதல் பேருந்தில் ரொக்கம் வாங்குவதே இல்லை. ஓட்டுநர் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறார், நிறுத்தத்தின் பெயரைப் பதிவு செய்த குரல் சொல்கிறது. 2023-இல் 1.75 பவுண்டு ஆன கட்டணத்தில் ஒரு முறை தொட்டால், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து வேண்டுமானாலும் மாறலாம். பதினொரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காசு இல்லை.

ரூட்மாஸ்டரை நிறுத்தியதற்கு முக்கியமான காரணம் அந்தத் திறந்த மேடைதான். அதன் படியில் சக்கர நாற்காலி ஏறாது, குழந்தை வண்டி ஏறாது, மூட்டு வலி உள்ள கிழவி ஏற முடியாது. இன்று ஓடும் பேருந்துகள் எல்லாம் தாழ்தளம். பொத்தானை அழுத்தினால் நடுக் கதவுக்குக் கீழிருந்து சாய்பலகை நீண்டு நடைபாதையைத் தொடும். சுரங்க ரயிலின் 272 நிலையங்களில் படியில்லாமல் போகக்கூடியவை இன்னும் மூன்றில் ஒரு பங்குதான். மகனையோ மகளையோ பார்க்க மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் வயதான அப்பா அம்மாவுக்கு நான் பேருந்தையே சொல்வேன். முன்பக்கத்தில் அவர்களுக்கென்று இருக்கை உண்டு. அட்டையை எங்கே தொடுவது என்பதை முதல் நாள் மட்டும் பிள்ளைகள் கூட இருந்து காட்டினால் போதும். மறுநாள் அவர்களே கோயிலுக்குப் போய்விட்டு வருவார்கள்.